பிராட்பாக் வயலின் உயிர்க்கணக்கு



லண்டனுக்கு வடக்கே, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ரோதம்ஸ்டெட் என்றொரு பண்ணை இருக்கிறது. அங்கே பிராட்பாக் என்ற வயலில் 1843-ஆம் ஆண்டு முதன்முதலாகக் கோதுமை விதைத்தார்கள். அன்று முதல் வயல் முழுவதிலுமோ அதன் ஒரு பகுதியிலோ ஆண்டு தவறாமல் கோதுமை விளைந்துவருகிறது. நீண்ட பட்டைகளாகப் பிரித்த நிலம் அது. ஒரு பட்டைக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம். இன்னொரு பட்டைக்கு அன்றிலிருந்து எந்த உரமும் கிடையாது. மற்றப் பட்டைகளுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று வெவ்வேறு அளவுகளில் ரசாயன உரம். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. தொழு உரப் பட்டையும் வெறும் பட்டையும் அப்படியே தொடர்கின்றன.

உரம் மண்ணுயிர்களை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மண் மிக மெதுவாக மாறுவது. ஒரு போகத்திலோ மூன்றாண்டுத் திட்டத்திலோ கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி அந்தந்த ஆண்டின் மழையும் வெயிலும் செய்த வேலை. நூறாண்டு தாண்டிய வயலில்தான் உரத்தின் கைவரிசை தனியாகத் தெரியும்.

பண்ணையின் உரிமையாளர் ஜான் பென்னெட் லாஸ். பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்றவர். நம் ஊர் உரக்கடையில் 'சூப்பர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் தொடக்கம் அங்கேதான். அவரோடு ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரும் சேர்ந்தார். இருவரும் 57 ஆண்டுகள் ஒன்றாக உழைத்தார்கள். அவர்கள் தேடியது விளைச்சலுக்கான விடை. மண்ணுக்குள் உயிர்கள் இருக்கின்றன என்பது அவர்கள் கேள்வியிலேயே இல்லை.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை அறிவியல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி நேரே எடுத்துக்கொள்கிறதா என்று அறிய, 1857-இல் எவான் பியூ என்ற அமெரிக்க இளைஞரோடு சேர்ந்து மிகக் கவனமான ஒரு சோதனையை நடத்தினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் செடிகள். உள்ளே போகும் காற்றிலிருந்து அம்மோனியாவை நீக்கினார்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜன் கணக்கைக் குழப்பிவிடக் கூடாது என்று அதையும் சூடேற்றிச் சுத்தம் செய்தார்கள். அவரையினச் செடிகள்கூட அந்தக் கூண்டுக்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைச் சேர்க்கவில்லை. செடி காற்றிலிருந்து எடுப்பதில்லை என்று முடிவு எழுதினார்கள். அவர்களுடைய அளவீட்டில் பிசகில்லை. மண்ணைச் சூடாக்கியபோது வேர் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியாக்களையும் அவர்கள் கொன்றுவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் 1886-இல் உண்மையை அறிவிக்கும் வரை உலகம் ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தது. 1888-இல் டச்சுக்காரர் பெய்ஜரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

மண்ணுயிர்களை எண்ணுவது எளிதல்ல. ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் மிகச் சிறிய பங்குதான் வளர்கிறது. இந்தச் சிக்கலுக்கு ரோதம்ஸ்டெட்டில் டேவிட் ஜென்கின்சனும் டேவிட் பவுல்சனும் ஒரு வழி கண்டு 1976-இல் வெளியிட்டார்கள். மண்ணைக் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்தால் உள்ளிருக்கும் உயிர்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். ஆவியை வெளியேற்றிவிட்டு அதே மண்ணில் கொஞ்சம் உயிருள்ள மண்ணைக் கலந்து பத்து நாள் வைத்தால், புதிதாக வந்தவை இறந்தவற்றைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடும். கூடுதலாக வந்த வாயுவை அளந்தால், இறந்தவற்றின் மொத்த எடையைக் கணக்கிடலாம். யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த முறை சொல்லாது. எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சொல்லும். உழவருக்கு முதலில் வேண்டியதும் அந்தக் கணக்குதான்.

அப்படி அளந்தபோது பிராட்பாக் சொன்ன செய்தி, ரசாயன உரம், இயற்கை உரம் என்ற இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இடைஞ்சலானது.

தொழு உரப் பட்டையில் ரசாயன உரப் பட்டைகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நுண்ணுயிர். மண்ணின் கரிமமும் இரண்டு மடங்குக்கு மேல். இது எதிர்பார்த்ததே. ஆனால் ரசாயன உரம் மட்டுமே தின்ற பட்டைகளில் உயிர்கள் அழிந்துவிடவில்லை. எதுவுமே இடாத பட்டையோடு ஒப்பிட்டால் அங்கே நுண்ணுயிர் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. காரணம் எளிது. உரம் இட்ட கோதுமை நன்றாக வளர்கிறது. வேரும் அடிக்கட்டையும் அதிகம் மண்ணில் தங்குகின்றன. நுண்ணுயிருக்கு அதுதான் சோறு.

"யூரியா போட்டால் மண்ணிலுள்ள உயிரெல்லாம் செத்துப்போகும்" என்று மேடைகளில் கேட்டுப் பழகிய காதுக்கு இது கசப்பாக இருக்கலாம். பிராட்பாக் மட்டும் சொன்னால் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். டேனியல் கைசலரும் கேட் ஸ்கோவும் 2014-இல் உலகின் பல பகுதிகளிலிருந்து 64 நீண்டகால வயல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உரமே இடாத நிலத்தைவிட ரசாயன உரம் இட்ட நிலத்தில் நுண்ணுயிரின் எடை சராசரியாக 15 விழுக்காடு அதிகம் என்று வந்தது. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒரு பிளவு இருந்தது. மண்ணின் கார அமில நிலை (pH) 5-க்குக் கீழே இறங்கிய இடங்களில் உரம் இட்டதால் நுண்ணுயிர் குறையும் போக்கு தெரிந்தது. அதற்கு மேலே இருந்த இடங்களில் கூடியது. சாவி அங்கே இருக்கிறது.

இந்தச் சாவியைக் கண்ணால் பார்க்க ரோதம்ஸ்டெட்டின் அண்டை மாவட்டமான பெட்ஃபோர்ட்ஷயருக்குப் போக வேண்டும். வோபர்ன் என்ற இடத்தில் 1876-இல் இதேபோன்ற சோதனை தொடங்கியது. அங்கே மணல் கலந்த மண். பிராட்பாக்கில் முன்னோர்கள் அள்ளிக் கொட்டிய சுண்ணக்கல் மண்ணோடு கலந்து கிடந்தது, வோபர்னில் அது இல்லை. ஆண்டுதோறும் அம்மோனியம் உப்புகளை இட்டார்கள். சுமார் இருபது ஆண்டுகளில் பார்லி கருகத் தொடங்கியது. ஒரே உரம், ஒரே வகைப் பயிர், பக்கத்துப் பக்கத்து மாவட்டம். ஒன்றில் நூறாண்டு தாண்டியும் விளைகிறது, மற்றதில் இருபதாண்டில் மண் புளித்துப்போனது.

புளிக்க வைத்தது யார்? மண்ணுயிர்கள்தாம். யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ மண்ணில் விழுந்ததும், அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றி அதிலிருந்து ஆற்றல் பெற்றுப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. பயிர் நைட்ரேட்டை முழுவதும் எடுத்துக்கொண்டால் அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஈடாகிவிடும். பயிர் எடுக்காத நைட்ரேட் மழையோடு கீழே இறங்கிப் போனால் அமிலம் மேலே தங்கிவிடுகிறது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, கார அமில நிலை 5.5-க்குக் கீழே வரும்போது அலுமினியம் கரைந்து வேரைச் சுடுகிறது. வேர் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா தளர்கிறது. அமிலத்தை உண்டாக்கிய அதே நைட்ரேட் பாக்டீரியாக்களும் மெல்ல முடங்குகின்றன.

வோபர்னில் அந்தப் புளிப்பைச் சரிசெய்ய 1897-இல் சுண்ணாம்பு இட்டுப் பார்த்தவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். பயிர் மீண்டது. இந்தப் பெயரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இதே வோல்க்கரைத்தான் பிரிட்டிஷ் அரசு இந்திய வேளாண்மையைச் சீர்திருத்த யோசனை சொல்லும்படி இங்கே அனுப்பியது. அவர் நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து 1893-இல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவருக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர், பல இடங்களில் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்று எழுதினார். அவர் வருந்திச் சொன்ன குறைகளில் ஒன்று, விறகு இல்லாததால் சாணத்தை வறட்டி தட்டி எரித்துவிடுகிறார்கள், நிலத்துக்குப் போக வேண்டியது அடுப்புக்குப் போகிறது என்பது. வறட்டி குறைந்து கேஸ் அடுப்பு வந்துவிட்ட இந்தக் காலத்தில் மாடும் குறைந்துவிட்டது. சாணம் நிலத்துக்கு வராத கதை மட்டும் தொடர்கிறது.

அமிலத்தின் வேலையை இன்னும் துல்லியமாகக் காட்டும் நிலம் ரோதம்ஸ்டெட்டிலேயே இருக்கிறது. ஹூஸ்ஃபீல்ட் என்ற வயலில் 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணக்கல்லைச் சீராகப் பரப்பாமல் விட்டார்கள். அதனால் ஒரே பட்டையில் ஒரு முனையில் கார அமில நிலை 8.3, மறு முனையில் 4-ஐ ஒட்டி. மண், வானிலை, பயிர் எல்லாம் ஒன்று, புளிப்பு மட்டும் வேறு. யோஹானஸ் ரவுஸ்க்கும் அவர் கூட்டாளிகளும் அந்தப் பட்டை நெடுக மண் எடுத்து அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். காரத்திலிருந்து அமிலத்துக்குப் போகப் போக பாக்டீரியாவின் வளர்ச்சி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பூஞ்சையின் வளர்ச்சி ஐந்து மடங்கு பெருகியது. 4.5-க்குக் கீழே போனதும் இரண்டுமே சரிந்தன. ஆக, உரம் மண்ணுயிரைத் தொடும் முதல் வழி நஞ்சு அல்ல, புளிப்பு.

இரண்டாவது வழி பசி. ரசாயன உரத்தில் கரிமம் இல்லை, யூரியாவில் இருக்கும் சிறிதளவும் கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. பெரும்பாலான மண்ணுயிர்களுக்குக் கரிமம்தான் ஆற்றல். தொழு உரம், தழை, வைக்கோல், வேர், இவற்றிலிருந்துதான் அது வர வேண்டும். வந்தாலும் அதன் கூடவே எவ்வளவு நைட்ரஜன் வருகிறது என்பதைப் பொறுத்து மண்ணின் நடத்தை மாறுகிறது. நெல் வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 முதல் 80 பங்கு கரிமம் உண்டு. மண் நுண்ணுயிர்களின் உடம்பில் அந்த விகிதம் எட்டை ஒட்டியது. வைக்கோலை மடக்கி உழுதால், அதைத் தின்று பெருகும் உயிர்களுக்கு நைட்ரஜன் போதாது, மண்ணில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும். நட்ட பயிர் வெளுத்து மஞ்சளாக நிற்கும். தஞ்சைப் பக்கம் அறுவடை முடிந்த அடிக்கட்டையை உழுதுவிட்டு உடனே நட்டவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் தக்கைப்பூண்டில் இந்த விகிதம் 20-ஐ ஒட்டியிருப்பதால் நைட்ரஜன் மண்ணுக்கு வந்து சேர்கிறது. நுண்ணுயிர்களின் உடல் நம் வீட்டுக் குதிர் மாதிரி. விளைந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும், பின்னால் கொடுக்கும். எப்போது வாங்கும், எப்போது கொடுக்கும் என்பதை நிர்ணயிப்பது உள்ளே போடும் பொருள்தான்.

குதிர் எப்போதும் பயிருக்கு வேண்டிய நேரத்தில்தான் திறக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பிராட்பாக்கில் எடை கூடிய நைட்ரஜன் அணுக்களை அடையாளமாக வைத்து 1980-களில் தொடர்ந்து பார்த்தார்கள். வசந்தத்தில் அளவோடு இட்ட உரத்தில் மிகச் சிறிய பங்குதான் அறுவடையின்போது மண்ணில் நைட்ரேட்டாக மிஞ்சியிருந்தது. பெரும்பகுதி பயிரிலும், ஒரு பகுதி மண்ணின் கரிமப் பொருளிலும் சேர்ந்திருந்தது. அப்படியானால் குளிர்கால மழையில் கழுவிப்போகும் நைட்ரேட் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகும் ஓயாத நுண்ணுயிர்கள் பழைய கரிமப் பொருளைச் சிதைத்து வெளியிட்டதிலிருந்து. அந்த வகையில் தொழு உரப் பட்டையிலிருந்து கழுவிப்போகும் நைட்ரேட் கொஞ்சமல்ல. நுண்ணுயிர் செழித்த மண்ணில் பயிர் இல்லாத காலம் இருந்தால் கிணற்று நீர் அதற்கு விலை கொடுக்கும். இயற்கை உரத்தை மனமார ஆதரிப்பவர்கள் இந்த உண்மையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

வேர் உட்பூசணத்தின் கதை வேறு மாதிரி. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குச் செடிகளின் வேருக்குள் குடியிருந்து, மெல்லிய இழைகளை வெளியே நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருவது இந்தப் பூஞ்சை. கூலியாகச் செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. சூப்பரையும் டிஏபியையும் தாராளமாக இட்டால் செடிக்கு இந்த ஆள் தேவைப்படுவதில்லை, சர்க்கரையைக் குறைத்துக்கொள்கிறது. பூஞ்சை வேரில் படர்வதும் குறைகிறது. மணிச்சத்தை அள்ளிக் கொட்டிய நிலத்தில் துத்தநாகக் குறை தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவிட்சர்லாந்தின் தேர்வில் என்ற ஊரில் 1978 முதல் நடக்கும் ஒப்பீட்டு ஆய்வில், இயற்கை முறைப் பயிர்களின் வேரில் இந்தப் பூஞ்சை 40 விழுக்காடு அதிகமாகப் படர்ந்திருந்ததாக 2002-இல் வெளியிட்டார்கள். அதே ஆய்வில் விளைச்சல் 20 விழுக்காடு குறைவு. இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்ன பாதிப்புகள் எல்லாம் மீளக்கூடியவை. மீளாத ஒன்றைப் பற்றித்தான் இந்த மேடையில் அதிக அக்கறையோடு பேச வேண்டியிருக்கிறது.

வோபர்னிலேயே 1942-இல் ஒரு காய்கறி நிலச் சோதனை தொடங்கியது. தொழு உரத்துக்குத் தட்டுப்பாடு. நகரத்துச் சாக்கடைக் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் கிடைக்கும் வண்டலை இட்டுப் பார்த்தார்கள். அது கரிமம் நிறைந்தது, நைட்ரஜனும் நிறைந்தது. 1961-இல் இடுவதை நிறுத்தினார்கள். வண்டலில் ஆலைக் கழிவு கலந்திருந்ததால் துத்தநாகம், செம்பு, நிக்கல், காட்மியம் என்ற உலோகங்கள் மண்ணில் தங்கிவிட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பிலிப் புரூக்ஸ், ஸ்டீவ் மெக்ராத் இருவரும் அளந்தபோது, வண்டல் இட்ட மண்ணில் நுண்ணுயிரின் எடை, தொழு உரம் இட்ட மண்ணில் இருந்ததில் பாதிதான். பிறகு அங்கே குளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்தார்கள். செடி வெளுத்துக் குன்றியது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சுகள் இருந்தன. ஆனால் அந்த முடிச்சுகளுக்குள் இருந்த ரைசோபியம் நைட்ரஜனைப் பிடிக்காத வகை. உலோகத்தைத் தாங்கி உயிர்பிழைத்தது அந்த ஒரு வகைதான், வேலை செய்யும் வகைகள் மண்ணிலிருந்து மறைந்துவிட்டிருந்தன. பயிரை நேரடியாகப் பாதிக்கும் அளவுக்கு உலோகம் இல்லை. முதலில் விழுந்தது நுண்ணுயிர். இந்த முடிவுகளின் பலத்தில், மண்ணில் துத்தநாகத்துக்கான வரம்பைக் கிலோவுக்கு 300 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைக்க பிரிட்டனில் 1993-இல் ஒரு வல்லுநர் குழு பரிந்துரைத்தது.

நகரக் குப்பையிலிருந்து உரம் செய்வது நல்ல வேலை, தேவையான வேலை. ஆனால் மக்கும் குப்பை மட்டும் தனியாக வந்ததா, பேட்டரியும் தோல் பதனிடும் கழிவும் சாயக் கழிவும் கலந்து வந்ததா என்று கேட்காமல் வாங்கி வயலில் கொட்டினால், அதை எடுக்க வழியில்லை. உலோகம் மக்காது. புளிப்புக்குச் சுண்ணாம்பு உண்டு, பசிக்குத் தழை உண்டு, காட்மியத்துக்கு மாற்று மருந்து இல்லை. உரத்தின் விலையை விசாரிப்பவர்கள் அதன் உலோகச் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும்.

பசியைப் பற்றி ரோதம்ஸ்டெட் தந்த இன்னொரு செய்தி நம்பிக்கை ஊட்டுவது. ஹைஃபீல்ட் என்ற இடத்தில் 1959 முதல் ஒரு துண்டு நிலத்தில் ஒரு புல்கூட முளைக்க விடாமல் உழுது வெறுமையாகவே வைத்திருந்தார்கள். பெனி ஹிர்ஷ் குழுவினர் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பாக்டீரியாவின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. வகைகள் குறையவில்லை. அரை நூற்றாண்டுப் பட்டினியிலும் அத்தனை குலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாக்குப்பிடித்திருந்தது. விலை கொடுத்து வெளியிலிருந்து நுண்ணுயிரைக் கொண்டுவருவதற்கு முன், உள்ளே இருப்பதற்குச் சோறு போடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் ஊர். ரோதம்ஸ்டெட்டை முன்மாதிரியாகக் கொண்டு கோயம்புத்தூரில் 1909-இல் ஒரு நிரந்தர உர வயல் தொடங்கியது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1972 முதல் அங்கேயே இன்னொரு நீண்டகால ஆய்வு, கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறி விளையும் நிலத்தில் நடக்கிறது. அங்கேயும் பரிந்துரைத்த ரசாயன உரத்தோடு தொழு உரமும் சேர்ந்த பாத்திகளில்தான் நுண்ணுயிர் மிகுதி. அந்த வட்டாரத்து மண்ணில் இயல்பாகவே சுண்ணாம்பு உண்டு, அதனால் வோபர்னின் புளிப்பு அங்கே வரவில்லை. நம் வெயில்தான் வேறுபாடு. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் கரிமப் பொருள் சிதையும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். இங்கிலாந்தில் பல ஆண்டு தங்கும் தொழு உரம் இங்கே சீக்கிரம் கரைந்துவிடுகிறது. ஒருமுறை கொட்டிவிட்டு மறந்துபோகும் வசதி நமக்கு இல்லை. ஆட்டுக்கிடை, கொழிஞ்சி, சணப்பை என்று நம் முன்னோர் ஆண்டுதோறும் ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து சேர்த்ததன் காரணம் அந்த வெயிலில் இருக்கிறது.

2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள் அச்சாகின்றன. நுண்ணுயிர் அதில் இல்லை. ஆனால் கார அமில நிலை, கரிமம் என்ற இரண்டு வரிகள் இருக்கின்றன. பலரும் தழை, மணி, சாம்பல் என்ற மூன்றைப் பார்த்துவிட்டு அட்டையை மடித்துவிடுகிறார்கள். முதலில் அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். கார அமில நிலை 8, கரிமம் அரை விழுக்காட்டுக்குக் கீழே என்று வந்தால், அந்த மண்ணுக்குப் பசி. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். மண் களர் என்றால் ஜிப்சம் முதலில். நீலகிரியின் பீன்ஸ் தோட்டத்தில் 5-ஐ ஒட்டி வந்தால், எந்த நுண்ணுயிர் உரமும் வாங்கும் முன் சுண்ணாம்பு இடுங்கள், அதன் பிறகு ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதையுங்கள். விதைக்குப் பூஞ்சாணக் கொல்லி பூசியிருந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டே ரைசோபியத்தைப் பூச வேண்டும்.